பச்சைப் பட்டினியும் ஒரு வேளை மாத்திரையும்

மாசி மாதத்துக் கடைசி ஞாயிறு நெருங்கிவிட்டால் எங்கள் மண்ணச்சநல்லூர்ச் சாலைகளில் பூவாசம் கிளம்பிவிடும். கூடை கூடையாகப் பூக்களைத் தலையில் சுமந்தபடி மக்கள் சமயபுரம் நோக்கி நடப்பார்கள். பூச்சொரிதல் தொடங்கும் அந்நாள் முதல் 28 நாட்கள் அன்னை மாரியம்மன் பச்சைப் பட்டினி விரதம் பூணுகிறாள். மற்றத் தலங்களில் அடியார்கள் தெய்வத்தை வேண்டி நோன்பு நோற்பார்கள். இங்கே தெய்வமே அடியார்களுக்காக நோன்பு நோற்கிறாள். அந்நாட்களில் அவளுக்குச் சமைத்த அமுது இல்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், இவ்வளவே. இவ்விதழின் அன்பர்கள் பலர் அறிந்த செய்திதான் இது.

2023ஆம் ஆண்டு அந்த ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்னதாக, வெள்ளிக்கிழமை காலையில், என் பேரனைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றினேன். இடப்பக்க விலாவில், முதுகுத்தண்டின் அருகே தொடங்கி முன்பக்கம் வரை, ஒரு கச்சை கட்டியதுபோலச் சிவந்து கிடந்தது. அந்தச் சிவப்பின்மேல் நெல்மணி அளவில் நாலைந்து நீர்க்கொப்புளங்கள். முதல் நாள் இரவு அவன் "அப்பாயி, இங்க எரியுது" என்று விலாவைக் காட்டியபோது, விளையாட்டில் எங்கேனும் இடித்துக்கொண்டிருப்பான் என்று எண்ணி எண்ணெய் தடவித் தூங்க வைத்திருந்தேன்.

அந்தக் கொப்புளங்களைக் கண்ட கணத்தில் என் கை நடுங்கியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அவன் எட்டு மாதங்களுக்கு முன்னர்தான் எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்துகொண்ட குழந்தை. மற்றொன்றை அப்போது வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் அறியார். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

அவன் பிறந்து எட்டாம் மாதத்திலேயே உடல் வெளுத்துப் பால் குடிக்கவும் வலுவின்றிப் போனான். பரிசோதித்த மருத்துவர்கள் தலசீமியா என்றார்கள். இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சரியாக உருவாக்கும் ஆற்றல் இல்லாத பிறவிக்குறை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருச்சிக்கு அழைத்துச் சென்று இரத்தம் ஏற்றினோம். ஏற்றும் இரத்தத்திலுள்ள இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியேற்றத் தனியாக மருந்து கொடுத்தோம். இந்நோய்க்கு நிலையான தீர்வு மஜ்ஜை மாற்றமே என்றும், 1981இல் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் முதன்முதலில் அதைச் செய்து காட்டினார்கள் என்றும் மருத்துவர் சொன்னார். நான் தமிழாசிரியையாகப் பணியில் சேர்ந்த ஆண்டு அது. அப்போதே வழி பிறந்திருக்கிறது. எனக்குத் தெரியவேண்டிய வேளை வரவில்லை.

உடன்பிறந்த ஒருவரின் திசு வகை முற்றும் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கே வாய்ப்பு. என் பேத்திக்குப் பொருந்தியது. ஒன்பது வயதுப் பெண், "தம்பிக்கு நான் குடுக்கறேன்" என்று ஊசிக்கு அஞ்சாமல் படுத்தாள். 2022 ஆடி மாதத்தில் சென்னையில் ஒரு மருத்துவமனையில் அது நிகழ்ந்தது. அவளுடைய மஜ்ஜையிலிருந்து எடுத்த குருத்தணுக்கள், ஸ்டெம் செல் என்று அங்கே சொல்வார்கள், ஒரு பையில் இரத்தம் போலவே தொங்கின. சொட்டுச் சொட்டாக அவன் உடலுக்குள் இறங்கின. அவ்வளவுதான். பெரிய அறுவை இருக்கும் என்று நினைத்து மூன்று நாளாகச் சாப்பிடாமல் இருந்தவள் நான். அந்த நாளை அங்கே 'பூஜ்ய நாள்' என்கிறார்கள். அதற்குப் பின் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். புதிதாகப் பிறந்த பிள்ளைக்குப் போல.

புது மஜ்ஜைக்கு இடம் கொடுக்கவேண்டும் என்பதற்காகப் பழைய மஜ்ஜையை மருந்துகளால் முன்னரே அழித்துவிடுகிறார்கள். அதோடு அவன் பிறந்தது முதல் சேர்த்துவைத்த எதிர்ப்பாற்றலும் போய்விடுகிறது. புதியது வேர்பிடித்து முழுமையாகக் காவலுக்கு நிற்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அக்காள் கொடுத்த அணுக்கள் தம்பியின் உடலை அயலென்று கருதித் தாக்கிவிடாதிருக்கச் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தும் தருகிறார்கள். அது அந்தப் புதுக் காவலர்களின் கைகளையும் சற்றே கட்டிவைக்கிறது.

எங்களைக் கவனித்துக்கொண்ட பெண் மருத்துவர் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "அம்மா, வெளியிலிருந்து கிருமி வந்துவிடக்கூடாது என்று எல்லோரும் கதவைக் காக்கிறீர்கள். அது வேண்டியதுதான். ஆனால் எனக்கு அதைவிடக் கவலை, ஏற்கெனவே உள்ளே குடியிருந்து தூங்கிக்கொண்டிருப்பவற்றைப் பற்றித்தான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் கேட்டார்: "பையனுக்கு அம்மை போட்டிருக்கிறதா?"

போட்டிருந்தது. மூன்று வயதில் சின்னம்மை. 'தாய் வந்திருக்கிறாள்' என்று வாசலில் வேப்பிலை செருகினோம். வெளியார் எவரையும் உள்ளே விடவில்லை; நாங்களும் பிறர் வீட்டுப் படி ஏறவில்லை. தலைக்குத் தண்ணீர் விட்டு, கூழ் ஊற்றி, அன்னையை வழியனுப்பிவிட்டோம் என்றிருந்தேன். மருத்துவர் தாளில் முதுகெலும்பை வரைந்து, அதன் இருபுறமும் சிறு முடிச்சுகளை இட்டார். அம்மை இறங்கிவிட்டாலும் அந்த வைரஸ் உடலை விட்டுப் போவதில்லையாம். இந்த நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கி ஆயுள் முழுதும் உறங்குமாம். காவல் தளர்ந்தால் விழித்தெழுந்து, எந்த முடிச்சில் உறங்கியதோ அந்த நரம்பின் வழியே தோலுக்கு வருமாம். "அக்கி என்று நம் ஊரில் சொல்வீர்களே, அதுதான்" என்றார். வாய்ப்புண் தரும் ஹெர்ப்பிஸ், எப்ஸ்டீன் பார், சைட்டோமெகலோ எல்லாம் ஒரே குடும்பமாம். எல்லாமே இப்படி ஒருமுறை வந்து தங்கிவிடுகிறவை. நமக்கெல்லாம் இருக்கின்றன, நாம் அறியாமல் அவற்றோடுதான் வாழ்ந்து மூப்படைகிறோம். காவல் தளர்ந்த குழந்தைக்கு மட்டும் அவை உயிருக்கே உலை வைக்கும்.

அன்று முதல் நாங்கள் கைகளைக் கழுவியதைவிட அதிகமாக, அங்கிருந்தோர் அவன் இரத்தத்தை எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு வாரமும் பி.சி.ஆர். பரிசோதனை. சைட்டோமெகலோ வைரஸ் விழித்திருக்கிறதா என்று அறிவதற்கு. நம் நாட்டில் பெரும்பாலோர்க்கு இது மழலைப் பருவத்திலேயே வந்து போயிருக்கும். ஒரு சாதாரணக் காய்ச்சலாகக்கூடத் தெரிந்திராது. மாற்றம் செய்துகொண்ட குழந்தைக்கோ அது நுரையீரலையும் குடலையும் கண்ணையும் பற்றலாம். நோய்க்குறி தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஆகவே இரத்தத்தில் அதன் தடம் தெரிந்த உடனே, குழந்தை ஓடியாடிக்கொண்டிருந்தாலும், மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். முளையிலேயே கிள்ளுவது. தடம் தெரியும்முன்பே தடுக்கும் லெட்டர்மோவிர் என்ற மருந்து பெரியவர்களுக்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டிருந்தது. குழந்தைகளுக்கு 2024இல்தான் அங்கே அனுமதி கிடைத்தது. என் பேரன் படுத்திருந்த 2022இல் எங்களுக்கு வாய்த்தது வாராந்திரக் காவல் ஒன்றே.

முப்பத்தாறாம் நாள் அந்தத் தடம் தெரிந்தது. பையன் அன்று படுக்கையில் அமர்ந்து சுவரில் பந்தெறிந்து விளையாடிக்கொண்டிருந்தான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. காகிதத்தில் மட்டும் ஓர் எண். அந்த எண்ணுக்காகக் கான்சைக்ளோவிர் என்ற மருந்தை நாளுக்கு இருமுறை நரம்பில் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில், அரும்பாடுபட்டு ஏறியிருந்த வெள்ளணுக்கள் சரசரவென்று இறங்கின. அம்மருந்தின் குணம் அது: வைரஸை அடக்கும்போதே மஜ்ஜையையும் அடக்கும். களை பறிக்கும்போது நாற்றும் கையோடு வருவதை வயல்காட்டில் பார்த்திருக்கிறேன். நட்டு முப்பது நாளே ஆன நாற்று. மருந்தை நிறுத்தினால் வைரஸ், தொடர்ந்தால் மஜ்ஜை. மருத்துவர்கள் அணுக்களை வளர்க்கும் ஊசியைக் கூடவே போட்டு, நாள்தோறும் எண்ணிப் பார்த்து, அந்த வரப்பின்மேல் நடந்தார்கள். மூன்றாம் வாரம் எண் சுழியானது.

அப்போது மருத்துவர் சொன்ன ஒன்றை என் பேத்தியிடம் ஓடிச் சென்று சொன்னேன். அவளுக்கும் அந்த வைரஸ் சிறுவயதில் வந்து போயிருந்ததாம். ஆகவே அவளுடைய அணுக்களுக்கு அந்தப் பகைவனின் முகம் பழக்கம். அவள் கொடுத்தது இரத்தம் மட்டுமன்று, அந்த நினைவும்கூட. நோயே படாத ஒருவர் கொடுத்திருந்தால் தம்பியின் பாடு இன்னும் கடினமாயிருக்குமாம். அவளோ இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப எனக்குக் காய்ச்சல் வந்தது நல்லதுதானே, அப்பாயி?" என்றாள். அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்ல?

நூறு நாள் கடந்து ஊர் திரும்பினோம். வீடு ஒரு நோன்பு வீடாயிற்று. காய்ச்சி ஆறவைத்த நீர், அப்போதைக்கப்போது சமைத்த உணவு, தோலுரிக்கும் பழம் மட்டும். பூச்சாடி இல்லை, பூமாலை சார்த்திய படங்களை மாடிக்கு மாற்றினோம். மண்ணிலும் வாடிய பூவிலும் காளான் வித்துகள் இருக்குமாம். வீட்டிலுள்ளோர் அனைவரும் ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொண்டோம். ஓராண்டுக்குக் கோயில் இல்லை, திருமணம் இல்லை, பள்ளி இல்லை.

உறவினர்கள் அன்பினால் செய்தவைதாம் பெருஞ்சோதனை. ஒருவர் பழனியிலிருந்து பஞ்சாமிர்தம், ஒருவர் இராமேசுவரத்துத் தீர்த்தம், ஒருவர் திருநீறு, ஒருவர் எலுமிச்சை மாலை. "தெய்வப் பிரசாதத்துக்கா தீங்கு செய்யத் தெரியும்?" என்று கேட்பார்கள். நான் அறுபது ஆண்டுகளாக அதையே நம்பி வளர்ந்தவள். வாங்கிக் கண்ணில் ஒற்றி, அவன் பெயரைச் சொல்லி நாங்கள் உண்டோம். திருநீற்றை அவன் தலையணைக்கருகே அல்லாமல் பூசையறையில் வைத்தோம். வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆனால் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான குருக்கள் ஒருவர் வாசலிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டு, "நான் கோயில்லேருந்து நேரா வர்றேன், கூட்டத்துல நின்னவன். உள்ள வரலைம்மா. பையன் நல்லா ஆனதும் நீங்க அங்க வாங்க" என்று திரும்பினார். அன்று அவர் தந்த ஆறுதல் எந்தப் பிரசாதத்திலும் குறைந்ததன்று.

முடி கொட்டிப்போன தலையில் புதிதாக முளைக்கும் முதல் முடி சமயபுரத்தாளுக்கு என்பது என் வேண்டுதல். ஓராண்டு போகமுடியாது என்றதும் நெஞ்சு உறுத்தியது. ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து பூசையறையில் வைத்து, 'பொறுத்துக்கொள் தாயே' என்று தவணை கேட்டேன்.

மாத்திரைகளின் பொறுப்பு எனக்கு. மகன் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறான். மருமகள் நீண்ட விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பியிருந்தாள். தினசரி நாட்காட்டியின் தாளிலேயே வேளைதோறும் ஒரு கோடிட்டு வந்தேன். சைக்ளோஸ்போரின் காலை, மாலை, தவறக்கூடாத நேரத்தில். நிமோனியா வராதிருக்க ஒன்று. காளானுக்கு ஒன்று. பிறகு அசைக்ளோவிர், நரம்பில் உறங்கும் அம்மை வைரஸை உறங்கவே வைத்திருக்க.

இந்த அசைக்ளோவிர் அவனுக்குப் பிடிக்கவில்லை. பொடித்துக் கொடுத்தால் குமட்டினான். தை மாதத்தில் ஒருநாள் காலை, மாத்திரையோடு உண்ட இட்டிலியையும் சேர்த்து வாந்தியெடுத்துக் களைத்துப்போனான். அன்று மாலை வேளையை விட்டுவிட்டேன். மறுநாள் காலையும் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. உண்ணத் தொடங்கினான், கன்னம் பூரித்தது. 'நோயே இல்லாத பிள்ளைக்கு எதற்கு இந்தக் கசப்பு? மற்றவை மருந்து, இது வெறும் முன்னெச்சரிக்கைதானே' என்று என் மனம் ஒரு நியாயம் கட்டியது. எட்டு மாதமாக ஒரு கொப்புளம்கூட வரவில்லை என்பதையே அம்மருந்து வேண்டாததற்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். அது வராதிருந்ததே அம்மருந்தால்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. தடுக்கும் மருந்தின் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. காய்ச்சலுக்குக் கொடுத்தால் காய்ச்சல் தணிவதைக் காணலாம்; இதில் எதைக் காண்பது? நாட்காட்டியில் கோடு மட்டும் வழக்கம்போல் இட்டு வந்தேன். மருமகள் அந்தக் கோடுகளைப் பார்த்து நிம்மதியாகப் பள்ளிக்குப் போனாள்.

அப்படி மூன்று வாரத்துக்கு மேல் ஓடியிருக்கும். அதன் பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை.

சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு மூதாட்டி பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "அக்கிம்மா. குயவர் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க, எழுதிட்டா மூணு நாள்ல எறங்கிடும்." அவர் சொன்னதில் வஞ்சமில்லை. எனக்கே பன்னிரண்டு வயதில் தோளில் அக்கி வந்து, குயவர் ஒருவர் செங்காவியைக் கரைத்துச் சிங்க உருவம் எழுதியிருக்கிறார். அந்தக் குளிர்ச்சி இன்றும் நினைவிருக்கிறது. இறங்கவும் செய்தது. நல்ல உடலில் அக்கி சில வாரத்தில் தானே அடங்கும் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். சுட்ட மண்ணின் மணம் வீசும் அந்த முற்றம் ஒரு கணம் என்னை இழுத்தது. அங்கே போய்விட்டால், என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மருமகள் அதற்குள் சென்னைக்குப் பேசியிருந்தாள். மருத்துவர் கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள் என்றார். திருச்சியில் தமக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் பேசி முதல் ஊசியை அங்கேயே போட ஏற்பாடு செய்து, உடனே புறப்பட்டு வரச் சொன்னார். இந்தக் குழந்தைகளுக்கு அக்கி தோலோடு நிற்காமல் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவக்கூடும். முதல் மூன்று நாளுக்குள் மருந்து உள்ளே போகவேண்டும்.

இரவு சென்னை சேர்ந்தோம். மற்றக் குழந்தைகள் இருக்கும் பகுதிக்கு விடாமல், காற்று வெளியே கசியாத தனியறையில் வைத்தார்கள். இவனிடமிருந்து அவர்களுக்குத் தொற்றிவிடக்கூடாதே. வேப்பிலை செருகிய எங்கள் வாசல் நினைவுக்கு வந்தது. ஊரார் வழக்கில் எல்லாமே அறியாமை அன்று.

மருத்துவர் பையனின் விலாவைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "அசைக்ளோவிர் தவறாமல் கொடுத்தீர்களா?"

"ஒரு வேளைகூடத் தவறவில்லை டாக்டர். அத்தை நாட்காட்டியில் குறித்தே வைத்திருக்கிறார்கள்" என்றாள் மருமகள். சொல்லும்போது என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார். உடனிருந்த இளைய மருத்துவரிடம், மருந்து உள்ளே இருக்கும்போதே இது கிளம்பியிருக்கிறது என்றால் வைரஸ் இந்த மருந்துக்கு அடங்காததாக மாறியிருக்குமோ, வேறு மருந்துக்குப் போகவேண்டியிருக்குமோ என்று பேசினார். அந்த வேறு மருந்தின் பெயரும் காதில் விழுந்தது. ஃபாஸ்கார்னெட். பக்கத்து அறைக் குழந்தை ஒன்றுக்கு முன்பு அதைக் கொடுத்தபோது சிறுநீரகத்துக்காக அவர்கள் பட்ட கவலையை நான் பார்த்திருந்தேன்.

அரை நிமிடம் இருக்கும். முப்பத்தாறு ஆண்டு வகுப்பறையில் நின்று, 'யார் செய்தது, உண்மையைச் சொல்' என்று எத்தனை பிள்ளைகளைக் கேட்டிருப்பேன். எழுந்து நிற்க வைத்துக் கேட்டிருப்பேன். இப்போது நான் நிற்கிறேன்.

"கொடுக்கவில்லை" என்றேன். "மூன்று வாரமாகக் கொடுக்கவில்லை. கோடு மட்டும் போட்டேன்."

அறையில் ஒருவரும் பேசவில்லை. மகன் சுவரைப் பார்த்தான். மருமகளின் கை படுக்கை விளிம்பைப் பற்றியது. மருத்துவர் மட்டும் என் பக்கம் திரும்பி, "எந்தத் தேதியிலிருந்து அம்மா? சரியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டு எழுதிக்கொண்டார். கோபத்தின் சாயல்கூட இல்லை. "அப்படியானால் நல்லது. வைரஸ் மாறவில்லை, மருந்துதான் இல்லாமல் இருந்தது. இதே மருந்துக்கு அடங்கும்" என்றார். பிறகு, போகிற போக்கில்: "இனிமேல் குமட்டினால் எனக்குப் போன் செய்யுங்கள். குடிக்கிற மருந்தாகக் கிடைக்கிறது. வேறு மாத்திரையும் இருக்கிறது. வழி உண்டு."

வழி உண்டு. கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும் பதில்.

எட்டு மணிக்கொருமுறை நரம்பில் அசைக்ளோவிர் ஏற்றினார்கள். அம்மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கிவிடாதிருக்கக் கூடவே நிறைய உப்புநீரும் ஏறியது; பையனுக்கு அரைமணிக்கொருமுறை சிறுநீர் கழிக்க எழுவதே வேலை. இரண்டு நாள் புதுக் கொப்புளங்கள் வந்தன. மூன்றாம் நாள் நின்றன. நான் வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். மருமகள் என்னோடு பேசவில்லை என்று சொல்லமுடியாது. தண்ணீர் வேண்டுமா, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அதற்கு மேல் இல்லை.

அந்த ஞாயிறு சமயபுரத்தில் பூச்சொரிந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் பேத்தி பேசினாள். அசைக்ளோவிரைப் பற்றித் தேடிப் படித்தாளாம். அதைக் கண்டறிந்த குழுவை வழிநடத்தியவர் ஜெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1988இல் நோபல் பரிசு பெற்றவர். "அவங்களும் கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தாங்களாம் அப்பாயி" என்றாள். அவருக்குப் பதினைந்து வயதானபோது பாட்டனார் புற்றுநோயால் இறந்ததைப் பார்த்துத்தான் மருந்துத்துறைக்கு வரவேண்டும் என்று உறுதி கொண்டாராம். பாட்டனுக்காகப் பேத்தி தேடிய கல்வி. அதன் பயனைப் பேரனுக்குத் தராமல் நிறுத்தினாள் ஒரு பாட்டி. குழந்தை அப்படி நினைத்துச் சொல்லவில்லை. நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன்.

அன்று முதல் நானும் 28 நாள் பச்சைப் பட்டினி இருந்தேன். பாவம் தீர என்று தொடங்கினேன். எத்தனை நாளில் அது வேறொன்றாயிற்று என்று தெரியவில்லை. பசிக்கும்போதெல்லாம், இந்த 28 நாளில் அன்னை ஒரு நாளும் 'இன்று ஊரில் யாருக்கும் நோயில்லையே, இன்றைக்கு உண்ணலாமே' என்று நினைப்பதில்லை என்பது மனத்தில் வந்துகொண்டே இருந்தது.

ஒரு வாரத்தில் வீடு திரும்பினோம். கொப்புளங்கள் பொருக்குதிர்ந்து, விலாவில் சாம்பல் நிறத் தழும்பு நின்றது. அசைக்ளோவிர் இப்போது இனிப்புச் சுவையுள்ள நீர்மருந்தாக வந்தது. நாட்காட்டியை நான் மருமகளிடம் நீட்டினேன். அவள் சற்று நேரம் அதைக் கையில் வைத்திருந்தாள். பிறகு ஆணியில் மாட்டிவிட்டு, "மருந்து நீங்களே குடுங்க அத்தை. கோடு நான் போடறேன்" என்றாள். அப்படியே ஓராண்டுக்கு மேல் நடந்தது. நான் கொடுப்பேன், அவள் பார்த்துக் கோடிடுவாள். சில காலைகளில் இருவரும் அதற்காகவே ஐந்து நிமிடம் சேர்ந்து நிற்போம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் எங்களுக்குள் பேச்சு மெல்லத் திரும்பியது.

அந்த ஐப்பசியில் சைக்ளோஸ்போரினை நிறுத்தினார்கள். அதன் பின்னும் ஆறு மாதம் அசைக்ளோவிர் தொடர்ந்தது. ஏன் என்று இம்முறை நான் கேட்கவில்லை. மருத்துவரே சொன்னார், கட்டவிழ்த்த காவலர்கள் வேலை பழகக் கொஞ்ச காலம் வேண்டுமாம். கைக்குழந்தைக்குப் போடுவதுபோல் எல்லாத் தடுப்பூசிகளையும் முதலிலிருந்து போட்டார்கள். உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த தட்டம்மை ஊசிக்கு மட்டும் இரண்டாண்டு நிறைவு வரை காத்திருந்தார்கள். சின்னம்மைக்கு ஊசி வேண்டியிருக்கவில்லை. இரத்தத்தைப் பார்த்து, "இவன் உடம்பே இப்போது அதற்கு எதிர்ப்பை வைத்திருக்கிறது" என்றார் மருத்துவர்.

2025 மாசிக் கடைசி ஞாயிறு அன்று அவனுக்கு எட்டு வயது. பேத்தி ஒரு கூடை, அவன் ஒரு கூடை. மஞ்சள் துணியில் முடிந்திருந்த நாணயம் என் இடுப்பில். முதல் முடி என்று நேர்ந்துகொண்டது எத்தனையோ முறை வெட்டி வளர்ந்த முடியாகியிருந்தது. குருக்களைக் கேட்டேன், சிரித்தார். முடியிறக்கும் இடத்தில் சட்டையைக் கழற்றியபோது, நாவிதர் அந்தத் தழும்பைப் பார்த்து, "அக்கியா தம்பி? யாரு எழுதுனா?" என்று கேட்டார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீரை அள்ளி அவன் தலையில் விட்டேன்.

சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு வரிசையில் நிற்கையில் கேட்டான்: "அப்பாயி, அம்மன் இன்னிலேருந்து சாப்பிட மாட்டாங்களா?"

"துள்ளுமாவும் பானகமும் மட்டும்."

"தினமும் மறக்காம யாரு குடுப்பாங்க?"

"குருக்கள் குடுப்பார்."

"கோடு யாரு போடுவாங்க?"

முன்னால் நின்ற மருமகள் திரும்பிப் பார்த்தாள். வரிசை நகர்ந்தது.